காற்றுக்கு முதுகு காட்டி

ஒரு கூட்டத்துக்கு முன்னால் பேசுகிறவன் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அப்போதுதான் சொல் கேட்பவர்களிடம் போய்ச் சேரும். இடம் மாறி நின்றால், எவ்வளவு கத்தினாலும் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். நெதர்லாந்தின் வடகோடியில், எங்கள் டோக்கும் நகரத்தில் காற்று இல்லாத நாள் கிடையாது. ஊரைச் சுற்றிக்காட்டும் வேலையில் நான் முதலில் கற்றது வரலாறு அல்ல, நிற்கும் இடம்.

காபிக்கு நன்றி. பதற்றப்படாமல் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்குப் பதற்றம் இல்லை. முதலிலிருந்து சொல்வதுதான் என் தொழில்.

என் பெயர் யூர்யன். க்ரோனிங்கனில் வரலாறு படித்தேன். ஹிஸ்காவை அங்கேதான் பார்த்தேன். அவள் டோக்கும்காரி. கல்யாணமான பிறகு அவள் ஊருக்கே வந்துவிட்டோம். அவள் நூலகத்தில் வேலை பார்த்தாள். அவள் இறந்து மூன்று குளிர்காலம் ஆகிறது. நான் இங்கேயே இருக்கிறேன். திரும்பிப் போவதற்கென்று எனக்கு ஊர் எதுவும் இல்லை.

சனிக்கிழமைக் காலைகளில் பழைய நகர மாளிகையின் படியருகே ஆட்கள் கூடுவார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற தம்பதிகள். ஒரே நிறத்தில் மழைக்கோட்டு, முதுகில் சின்னப் பை, அதில் ரொட்டி. அவர்களை ஊரைச் சுற்றிய பழைய மண் அரண் மேல் அழைத்துப்போய்க் காற்றாலைகளைக் காட்டி, கால்வாய் ஓரமாகத் திரும்பித் தேவாலயத்தில் முடிப்பேன். தொடக்கத்திலேயே புனித போனிஃபாசியஸின் கதை வந்துவிடும். எங்கள் ஊர் உலகத்துக்குத் தெரிந்ததே ஒரு கொலையால்தான். மதம் பரப்ப வந்த அந்தக் கிழவரை இங்கே வெட்டிக் கொன்றார்கள். யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்.

"பாவம், அந்த மனுஷன் அப்படி என்னதான் செஞ்சாரு?"

"ஒண்ணும் செய்யல. வீடு தேடி வந்து, நீ நம்புறது நெசமில்லப்பான்னு சொன்னாரு. அவ்வளவுதான்."

கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன். கதையில் அது நல்ல இடம்.

தேவாலயத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தம் உண்டு. குனியும் பாலம் என்று ஊரில் சொல்வார்கள். கல்வளைவு அவ்வளவு தாழ்வு. படகில் போனாலும் பனியில் சறுக்கிப் போனாலும் தலையைக் குனிந்தாக வேண்டும். வரலாற்றில் அதற்கு எந்த இடமும் இல்லை. அதைப் பாதையில் சேர்த்தது நான்.

அங்கே நின்று ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்வேன். கால்வாய்கள் உறைந்த ஒரு பிப்ரவரி. ஊரே சறுக்குக் காலணி மாட்டிக்கொண்டு தண்ணீர் மேல் திரிகிறது. அந்தப் பெண் நூலகத்தில் வேலை முடிந்து சறுக்கியபடி வீடு திரும்புகிறாள். வீட்டில் கணவன் பட்டாணி சூப் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். சூடு ஆறுவதற்குள் போய்விட வேண்டும் என்று வேகமாக வருகிறாள். பாலத்துக்குக் குனிகிறாள். அதன் அடியில்தான் மழைநீர்க் குழாய் கால்வாயில் சேர்கிறது. ஓடும் நீர் பனியை அடியிலிருந்து தின்றுவிட்டிருக்கிறது. கணவன் சூப்பைத் திரும்பத் திரும்பச் சூடு செய்கிறான்.

அந்தக் கணவன் நான்தான் என்று நான் சொல்வதில்லை. யாராவது ஒருவர் என் மோதிரத்தைப் பார்ப்பார், பிறகு முகத்தைப் பார்ப்பார். கூட்டம் கொஞ்சம் நெருங்கி நிற்கும். ஒருவராவது வந்து என் கையைப் பிடிப்பார். ஒருமுறை மாஸ்ட்ரிக்ட்டிலிருந்து லிட்வின் என்ற அம்மாள் வந்திருந்தார். தெற்கத்திக்காரர்கள் தொடுவதற்குத் தயங்குவதில்லை. அவர் முதலில் தன் கையுறையைக் கழற்றினார். "அடப் பாவமே, தம்பி" என்றார். தேவாலயம் வரை என் வலது கையை விடவில்லை. அன்று மதியம் நான் இடது கையால் சாப்பிட்டேன்.

இங்கே வடக்கில் மனிதர்கள் நல்லவர்கள். வாசலில் குவிந்த பனியை உங்களுக்கும் சேர்த்து அள்ளிப்போடுவார்கள். தலையை அசைப்பார்கள். கையைப் பிடிக்க மாட்டார்கள். எங்களிடம் ஒரு வழக்கம்: ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்வார்கள். மனைவியின் பிறந்தநாளில் கணவனுக்கும் கைகுலுக்கல் உண்டு. ஹிஸ்காவின் பிறந்தநாளில் இப்போது யாரும் எனக்கு வாழ்த்துச் சொல்வதில்லை. சொல்லக் கூடாதுதான். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இனி ஃபோல்கெர்ட். ஹிஸ்காவின் அண்ணன். படகு பழுதுபார்ப்பவர். எங்கள் சறுக்குச் சங்கத்தில் பனி பார்ப்பவரும் அவர்தான். கால்வாய் உறைந்ததும் துளைப்பானோடு இறங்கி, ஒவ்வொரு பாலத்தடியிலும் மண்டியிட்டுத் துளை போட்டு, பனி ஆளைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் சொன்ன பிறகுதான் ஊர் இறங்கும். ஹிஸ்கா இறந்த அன்று காலையிலும் அவர் பார்த்தார். நல்லா இருக்கு என்று சொன்னார். காலையில் நன்றாகத்தான் இருந்தது. மதியம் வெயில் ஏறி, கூரைகளில் கிடந்த பனி உருகிக் குழாய்க்குள் இறங்கியது. அவர் மேல் தப்பில்லை. ஊரில் எல்லோரும் அதை அவரிடம் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. அவர் என்னிடம் கேட்கவில்லை.

போன இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை அவர் படியருகே வந்து நின்றார். எல்லோரையும் போல ஒரு மழைக்கோட்டு. போனிஃபாசியஸ் வந்தபோது மற்றவர்களோடு சிரித்தார். குனியும் பாலத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும் என்னைத் தன் பட்டறைக்கு அழைத்துப்போனார். ஒரு படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். அதன் மேலேயே இரண்டு காபிக் கோப்பைகளை வைத்தார்.

"நல்லாத்தான் சொல்றே மாப்ள. எனக்கே கண்ணு கலங்கிருச்சு."

நன்றி சொன்னேன்.

"பாலம் என் ஜன்னலுக்கு எதுத்தாப்புலதான். மூடி வச்சாலும் கேக்குது. காத்து உன் பேச்சை அப்படியே இங்க கொண்டாந்து போடுது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவ திரும்பச் சாவுறா. போதும்டா. அந்த இடத்தை மட்டும் விட்டுடேன்."

"நடந்ததைத்தானே சொல்றேன்," என்றேன்.

அவர் வெகுநேரம் காபியைக் கலக்கினார். சர்க்கரை போடாத காபி.

"நடந்தது அப்படி இல்ல. அன்னிக்கு அவளுக்கு லீவு. உன் வீட்டுலேர்ந்து கிளம்பி என் வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்தா. முதுகுல பை. ஆஸ்பத்திரியில அதை என் கையிலதான் கொடுத்தாங்க. மாத்துத் துணி, பாஸ்போர்ட்டு, பல் தேய்க்கிற பிரஷ்ஷு. இத்தனை நாளா பரண்ல கிடக்கு. யெல்யாகிட்ட கூட நான் சொல்லல." யெல்யா அவர் மனைவி.

"ஏதாவது தைக்கக் கொடுக்க எடுத்துட்டு வந்திருப்பா."

"பிரஷ்ஷையா?"

கோப்பையைப் படகின் மேல் வைத்தேன்.

"ஏன் இத்தனை நாள் சொல்லல?" என்று கேட்டேன்.

"உனக்கு அவளாவது இருக்கட்டும்னுதான்."

அவர் கோபமாகப் பேசவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் ஒருபோதும் என்னிடம் கோபமாகப் பேசியதில்லை.

பிரஷ் விஷயம் எனக்குப் புதிதல்ல. ஹிஸ்கா இறந்த அன்று சாயங்காலம் உங்கள் காவல்துறை ஆட்கள் வந்து மணியை அடிப்பதற்கு முன்பே குளியலறைக் கண்ணாடிக் குவளையைப் பார்த்தேன். என்னுடைய பிரஷ் மட்டும் இருந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் கடைக்குப் போய், அவள் வைத்திருந்தது போலவே சிவப்பில் ஒன்று வாங்கிக் குவளையில் போட்டேன். இன்னும் இருக்கிறது. முடி தேய்வதில்லை. ஆனாலும் அவ்வப்போது மாற்றிவிடுவேன்.

அவள் ஏன் போனாள் என்று கேட்பீர்கள். நான் அவளை அடித்ததில்லை. குரல் உயர்த்தியதில்லை. சாயங்காலத்தில் அன்றைய பொழுதைத் தெருத் தெருவாகச் சொல்லச் சொல்வேன். எங்கே நின்றாள், யாரோடு பேசினாள், எந்தப் பாலத்தைக் கடந்தாள். ஏதாவது விட்டுப்போனால், திரும்பப் போய் அங்கிருந்து சொல்லச் சொல்வேன். ஊர் சுற்றிக்காட்டுகிறவனுக்கு அது பழக்கம். கடைசி மாதங்களில் அவள் எல்லாவற்றையும் மிகச் சுருக்கமாகச் சொல்லத் தொடங்கியிருந்தாள். அவளுக்கு அலுப்பு என்று நினைத்தேன்.

ஃபோல்கெர்ட்டுக்கு வாக்குக் கொடுத்தேன். கொடுத்ததைக் காப்பாற்றவும் செய்தேன். அடுத்த வாரத்திலிருந்து அரணிலிருந்து இறங்கி வேறு தெரு வழியாக நேரே தேவாலயம். முடிந்ததும் கைதட்டினார்கள். நன்றி சொன்னார்கள். ரொட்டியைப் பிரித்துக்கொண்டு போனார்கள். அக்டோபர், நவம்பர், டிசம்பர். கடையில் சில்லறை வாங்கும்போதுகூட இப்போதெல்லாம் விரல் படுவதில்லை, எல்லோரும் வங்கி அட்டைதான் காட்டுகிறோம். யாராவது கையைப் பிடிக்கிற நாள் வாரத்தில் ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அவருக்கு யெல்யா இருந்தாள்.

பிப்ரவரியில் மறுபடியும் உறைந்தது. ஹிஸ்கா போன பிறகு இதுதான் முதல் தடவை. ஊருக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. பரணிலிருந்து சறுக்குக் காலணிகள் இறங்கின. பிள்ளைகள் பள்ளி ஜன்னலை விட்டு நகர மறுத்தார்கள். இரண்டாம் நாள் காலை ஃபோல்கெர்ட் என் வாசலில் நின்றார். தோளில் துளைப்பான்.

"மாப்ள, ஒரு உதவி. எல்லாப் பாலத்தடியிலயும் பாத்தாச்சு. அந்த ஒண்ணுதான் பாக்கி. நேத்து மூணு தடவை போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். அங்க என்னால மண்டி போட முடியல. சிரிக்காதே."

"சிரிக்கல."

"சங்கத்துல வேற ஆளக் கேட்டா ஊரு பூரா பேசும். நீ பாத்துச் சொல்லு. மெல்லிசா இருந்தா கம்பளம் போட்டுடலாம்."

எங்கள் ஊரில் அது வழக்கம். பாலத்தடியில் பனி சரியில்லை என்றால் கரையில் பழைய கம்பளங்களை விரித்து வைப்போம். சறுக்கி வருகிறவர்கள் கரையேறி, காலணியோடு கம்பளத்தின் மேல் தத்தித் தத்தி நடந்து, பாலத்தைத் தாண்டி மறுபடியும் இறங்குவார்கள். அதனால் இங்கே யாரும் பனியைப் பார்ப்பதில்லை. கம்பளத்தைப் பார்ப்பார்கள். கம்பளம் இல்லையென்றால் குனிந்து, வேகத்தைக் குறைக்காமல் உள்ளே போவார்கள். நீங்களும் அப்படித்தான் போவீர்கள்.

இன்னொரு வழக்கம். ஊரை இறங்க விடுவதற்கு முன்னால் பனி பார்ப்பவர் தனியாக ஒரு முழுச் சுற்று போய்வர வேண்டும். சந்தேகமான இடங்களில் கரையில் ஒருவர் ஏணியோடும் கயிற்றோடும் நிற்பார்.

"அங்க நீயே ஏணியோட நில்லு. வேற யாரும் வேணாம்," என்றார்.

நான் இறங்கினேன். அவர் பாலத்தின் மேல் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காற்றாலையைப் பார்த்து நின்றார். வளைவுக்குக் கீழே மண்டியிட்டேன். அங்கே சத்தம் வேறு மாதிரி இருக்கும். மூச்சு திரும்ப உங்களிடமே வரும். துளைப்பான் இரண்டு சுற்றில் இறங்கிவிட்டது. தண்ணீர் மேலே வந்தது. இரண்டு ரொட்டித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இருக்கும் கனம். மற்ற இடங்களில் ஓர் உள்ளங்கை அகலம். துளைப்பானைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

"என்ன மாப்ள?"

"நல்லா இருக்கு," என்றேன்.

நான் செய்தது இதுதான். அவர் மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் சொன்ன அதே சொல்.

அவர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். அப்போதாவது மனம் மாறியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் அதை யோசித்தேன். அவர் கையை எடுத்த பிறகுதான் யோசித்தேன்.

பிள்ளைகள் பெரிய காற்றாலைக்குக் கீழே கயிற்றுக்குப் பின்னால் கூட்டமாக நின்றார்கள். ஃபோல்கெர்ட் திரும்பி வராமல் ஒரு பிள்ளையும் இறங்காது என்று எனக்குத் தெரியும். அதையெல்லாம் யோசித்த பிறகுதான் சொன்னேன். நான் பொறுப்பில்லாதவன் அல்ல.

அவர் காலணியை இறுக்கிக் கட்டினார். கிளம்புவதற்கு முன் என்னைப் பார்த்து, "சுத்தி முடிச்சுட்டு நேரா உன் வீட்டுக்குத்தான் வரேன். அந்தப் பிரசித்தி பெற்ற சூப்பை வை. இவ்வளவு பேரை அழ வச்ச சூப்பு, நானும் குடிச்சுப் பாக்கறேன்," என்றார். கேலிதான். ஆனால் வருவதாகத்தான் சொன்னார். ஹிஸ்காவுக்குப் பிறகு என் வீட்டில் உட்கார்ந்து யாரும் சாப்பிட்டதில்லை.

அன்று கிழக்குக் காற்று. நான் பாலத்துக்குக் கிழக்கே கரையில் ஏணியோடு நின்றேன். முதுகு காற்றுக்கு. அவர் ஒரு சுற்றின் பாதிக்குமேல் முடித்து மேற்கிலிருந்து வந்தார். பெரிய உடம்பு, ஆனால் பனியில் அவரைப் போல யாரும் அழகாகப் போக மாட்டார்கள். கைகளை முதுகில் கட்டிக்கொண்டிருந்தார். கரையை ஒருமுறை பார்த்தார். கம்பளம் இல்லை. குனிந்தார்.

கெட்டித் துணியைக் கிழிக்கும் சத்தம்போல ஒன்று. இந்தப் பக்கம் அவர் வெளியே வரவில்லை. வளைவின் நிழலில் முகம் தெரிந்தது. இதற்கென்றே கழுத்தில் தொங்கிய இரும்பு முனைகளைக் கையில் எடுத்துப் பனியில் குத்தி ஏறப் பார்த்தார். குத்திய இடமெல்லாம் உடைந்தது. பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். காற்று எனக்குப் பின்னாலிருந்து வந்தது. அவர் சொல் வேறு பக்கம் போய்விட்டது. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ஏணியைப் பனிமேல் கிடத்தி அவர் பக்கம் தள்ள வேண்டும். எனக்கு அது தெரியும். ஏணி கையில்தான் இருந்தது.

வாய் அசைவது நின்ற பிறகு எனக்குப் பின்னால் சுருட்டிக் கிடந்த கம்பளத்தைக் கரையில் விரித்தேன். யாரும் தெரியாமல் வந்துவிடக் கூடாது அல்லவா. அதன் பிறகு காற்றாலைப் பக்கம் ஓடி ஆட்களைக் கூப்பிட்டேன்.

குழாய் என்றார்கள். பாழாய்ப்போன பாலம் என்றார்கள். அண்ணனும் தங்கையும் ஒரே இடத்தில் என்றார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அடக்கத்தன்று யெல்யா என்னைத் தன் பக்கத்தில் நிற்க வைத்தாள். வரிசை தேவாலய வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது. ஒவ்வொருவரும் அவள் கையைப் பிடித்தார்கள், பிறகு என் கையைப் பிடித்தார்கள். சிலர் இரண்டு கையாலும் பிடித்தார்கள். பிறகு காபி, ஆளுக்கொரு துண்டு கேக். யெல்யாவின் வீட்டுக் கழிப்பறைச் சுவரில் பிறந்தநாள் நாட்காட்டி தொங்கியது, எல்லார் வீட்டிலும் தொங்குவதுபோல. அதில் என் பெயர் இருந்தது. ஃபோல்கெர்ட்டின் கையெழுத்து. தன் பிறந்தநாளுக்கெல்லாம் அவர் என்னை அழைத்ததும் அப்போது நினைவுக்கு வந்தது. நான் போனதில்லை. அங்கே எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள், எனக்கு எங்கே உட்காருவது என்று தெரியாது.

அவருக்குக் கொடுத்த வாக்கு அவரோடு முடிந்தது. போன சனிக்கிழமை குனியும் பாலத்தில் மறுபடியும் நின்றேன். நல்ல கூட்டம். யெல்யா கடைசி வரிசையில் தலைமுக்காட்டோடு நின்றிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. பரணைச் சுத்தம் செய்தபோது பை கிடைத்தது என்றும், ஹிஸ்கா எங்கே வந்துகொண்டிருந்தாள் என்று அதைப் பார்த்ததும் புரிந்தது என்றும் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். இறந்த அன்று காலை ஃபோல்கெர்ட் வீட்டுக்கு வந்து, யூர்யன் பாத்துட்டான், இனி பயமில்லை என்று நிம்மதியாகச் சொன்னதையும் சொல்லியிருக்கிறாள். நிம்மதியாக என்ற சொல் அவளுடையதா, நீங்கள் சேர்த்ததா, தெரியவில்லை. எதுவானாலும் சரி.

பனியைப் பற்றி நீங்கள் அதிகம் கேட்கவில்லை. சனிக்கிழமை பாலத்தில் சொன்னதை அப்படியே சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன். இந்த அறையில் காற்று இல்லை. எப்படி நின்றாலும் கேட்கும்.

இந்தத் தாழ்ந்த பாலத்தைப் பாருங்கள். ஒரு பிப்ரவரியில் இதற்கடியில் ஓர் இளம்பெண் குனிந்தாள். சில குளிர்காலங்கள் கழித்து அவளுடைய அண்ணனும் குனிந்தார். இருவரும் பனியை நன்றாக அறிந்தவர்கள். ஆனாலும் அவசரம். கொஞ்ச தூரத்தில் ஒரு வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அடுப்பில் பட்டாணி சூப் இருந்தது, ஒருவன் மேசையில் மூன்று தட்டு வைத்துக் காத்திருந்தான். இருவரும் அந்த வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

அவ்வளவுதான். நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்.

இந்த இடத்தில் வழக்கமாக யாராவது என் கையைப் பிடிப்பார்கள்.